கேஸ் ஷீட்டில் இல்லாத சொற்கள்

வெளிநாட்டு வேலைக்கு ஆயத்தமாகும் செவிலியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஓஇடி தேர்வு எழுதப் போகிறவர்கள். மருத்துவத் துறையினருக்கென்றே ஆஸ்திரேலியாவில் உருவான ஆங்கிலத் தேர்வு அது. பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்து என்று பல நாடுகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. எழுத்துப் பகுதியில் ஒரே ஒரு கடிதம்தான். 45 நிமிடம் தருவார்கள். முதல் 5 நிமிடம் படிக்க மட்டும். ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகள் கையில் இருக்கும். அவற்றை வைத்து, அந்த நோயாளியை அடுத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு 180 முதல் 200 சொற்களில் கடிதம் எழுத வேண்டும்.

அந்தக் குறிப்புகளில் 'எ', 'ஆன்', 'தி' என்ற ஆர்ட்டிகிள் எதுவும் இருக்காது. நம் வார்டுகளில் கேஸ் ஷீட் எழுதுவது போலத்தான் இருக்கும்: 'பேஷன்ட் ஃபெல் இன் பாத்ரூம். எக்ஸ்ரே டேக்கன். ஃபிராக்சர் லெஃப்ட் ரிஸ்ட்.' இதைக் கடிதமாக்கினால் இப்படி வரும்: 'தி பேஷன்ட் ஃபெல் இன் தி பாத்ரூம். ஆன் எக்ஸ்ரே ஷோட் எ ஃபிராக்சர் ஆஃப் தி லெஃப்ட் ரிஸ்ட்.' ஐந்து இடங்களில் ஆர்ட்டிகிள் நுழைந்திருக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் ஐசியூவிலும் பிரசவ வார்டிலும் வேலை பார்த்தவர்கள். மருந்தின் பெயரிலோ அளவிலோ அவர்களுக்குத் தடுமாற்றம் வராது. இந்த ஐந்து இடங்களில் மட்டும் பேனா நின்றுவிடும். "மேம், இங்க 'தி' போடணுமா, வேண்டாமா?" இதைவிட அதிகமாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறெதுவும் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீளம்.

ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் சொல் 'தி'. 1961இல் அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து திரட்டிய பிரவுன் தொகுப்பில் சுமார் பத்து லட்சம் சொற்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய 70,000 'தி'தான். பதினான்கு பதினைந்து சொல்லுக்கு ஒன்று என்று வருகிறது. இப்படி எங்கும் நிறைந்த ஒரு சொல் நம் மொழியில் இல்லவே இல்லை. நமக்கு மட்டும்தான் இப்படி என்று யாரும் கூச்சப்படத் தேவையில்லை. ரஷ்ய மொழியில் இல்லை, ஜப்பானியத்தில் இல்லை, சீனத்திலும் கொரியத்திலும் இல்லை, இந்தியிலும் இல்லை. மத்தியூ டிரையர் என்ற மொழியியலாளர் உலகெங்கும் 620 மொழிகளை எடுத்துப் பார்த்தபோது, 198 மொழிகளில் 'தி'க்கு இணையானதும் இல்லை, 'எ'க்கு இணையானதும் இல்லை. பெரிய குடும்பம் நம்முடையது.

பள்ளியில் இதை நமக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்? பட்டியலாக. ஆறுகளுக்கு முன்னால் 'தி', மலைத்தொடர்களுக்கு முன்னால் 'தி', தனி மலைக்கு வேண்டாம், கடலுக்கு உண்டு, ஏரிக்கு இல்லை, புனித நூல்களுக்கு உண்டு. ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தில் தொடங்கி இன்றைய வழிகாட்டி நூல்கள் வரை இந்தப் பட்டியல் தொடர்கிறது. கங்கைக்கும் இமயமலைக்கும் 'தி' போடத் தெரிந்த ஒரு செவிலியர், தன் நோயாளிக்கு முன்னால் எதைப் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுதப் போகும் கடிதத்தில் இமயமலை வராது. நோயாளி எல்லா வரியிலும் வருவார். இந்த முறை எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர் போன்றவை ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்ள வேண்டியவை. அவற்றை முதல் பாடமாக வைத்ததால், ஆர்ட்டிகிள் என்றாலே காரணமில்லாத மனப்பாடம் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது.

காரணம் இருக்கிறது. அதைத் தமிழிலிருந்தே தொடங்கிச் சொல்ல முடியும் என்பதுதான் என் கட்சி.

வகுப்பில் நான் முதலில் செய்வது, ஆங்கிலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நேற்று வார்டில் நடந்ததைத் தமிழில் சொல்லச் சொல்வது. "பாட்டி பாத்ரூம்ல விழுந்துட்டாங்க மேம். உடனே எக்ஸ்ரே எடுத்தோம். எக்ஸ்ரேயை டூட்டி டாக்டர்கிட்ட காட்டினோம்." இங்கே நிறுத்திக் கேட்பேன்: முதல் தடவை 'எக்ஸ்ரே எடுத்தோம்' என்றீர்கள், அடுத்த தடவை ஏன் 'எக்ஸ்ரேயை' என்றீர்கள்? கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அதான் மேம், முன்னாடி எடுத்தோமே, அந்த எக்ஸ்ரே." அவ்வளவுதான். 'ஆன் எக்ஸ்ரே' என்பதற்கும் 'தி எக்ஸ்ரே' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் தமிழில் சொல்லி முடித்துவிட்டார். அவர் வாயிலிருந்து தானாக வந்த அந்த 'ஐ' ஒரு ஆர்ட்டிகிளின் வேலையைச் செய்திருக்கிறது.

இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து வந்தால் அதை வேற்றுமைத்தொகை என்று பள்ளியில் படித்தோம். உருபு விரிந்தாலும் தொக்கினாலும் பொருள் ஒன்றுதான் என்பது போல அது மனத்தில் பதிந்துவிட்டது. பேச்சில் அப்படி இல்லை. 'மாத்திரை போட்டீங்களா?' என்று கேட்டால் ஏதாவது மாத்திரை சாப்பிட்டாயா என்று பொருள். 'மாத்திரையைப் போட்டீங்களா?' என்றால் நான் கொடுத்துவிட்டுப் போன மாத்திரை, உனக்கும் எனக்கும் தெரிந்த மாத்திரை. ஆட்களைச் சொல்லும்போது 'ஐ' எப்படியும் வந்துவிடும், 'டாக்டரைப் பார்த்தேன்' என்றுதான் சொல்ல முடியும். ஆகவே இந்தச் சோதனை பொருள்களுக்கு மட்டும்தான் ஒத்துவரும்.

எழுவாயில் 'ஐ' வராதே என்று கேட்பவர்களுக்குச் சொல் வரிசையைக் காட்டுவேன். 'டேபிள்ல மாத்திரை இருக்கு.' 'மாத்திரை டேபிள்ல இருக்கு.' முதல் வாக்கியம் புதிதாக ஒன்றைத் தெரிவிக்கிறது. ஆங்கிலத்தில் 'எ டேப்லெட்' என்றோ பன்மையிலோ வரும். இரண்டாவதில் எந்த மாத்திரை என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும், அது இருக்கும் இடம்தான் செய்தி; ஆங்கிலத்தில் 'தி டேப்லெட்'. ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. இடம் மாறியது, அவ்வளவே. இவ்வளவு நுட்பத்தை நாள் முழுக்கப் பிழையில்லாமல் கையாளுகிற ஒருவரைப் பார்த்து 'உனக்கு ஆர்ட்டிகிள் வராது' என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் இந்தப் பாலத்தில் ஓர் இடத்தில் கவனமாகக் கால் வைக்க வேண்டும்.

ஒரு செவிலியர் எழுதுகிறார்: 'லாஸ்ட் வீக் தி பேஷன்ட் கன்சல்ட்டட் தி கார்டியாலஜிஸ்ட்.' கடிதத்தில் அந்த இதயநோய் மருத்துவர் அதற்கு முன் எங்கும் வரவில்லை. 'எ கார்டியாலஜிஸ்ட்' என்று வர வேண்டும் என்கிறேன். "எந்த டாக்டர்னு நல்லாத் தெரியும் மேம், கேஸ் நோட்ஸ்ல பேரே இருக்கே?" என்கிறார். உங்களுக்குத் தெரியும், கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவருக்குத் தெரியுமா? இந்தக் கேள்விதான் ஆர்ட்டிகிளின் மையம். பேசுகிறவர் மனத்தில் குறிப்பிட்ட ஒருவர் இருக்கிறாரா என்பதை ஆங்கிலம் கேட்பதில்லை. கேட்கிறவரும் அவரை அடையாளம் கண்டுகொள்வார் என்று பேசுகிறவர் நம்பலாமா என்பதையே கேட்கிறது.

இந்தத் தடுமாற்றம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல. டானியா அயோனின், ஹீஜங் கோ, கென்னத் வெக்ஸ்லர் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் ரஷ்யர்களும் கொரியர்களும் இதையே செய்ததைக் காட்டினார்கள். கேட்பவர் அறியாத, ஆனால் பேசுபவர் மனத்தில் தெளிவாக இருக்கிற ஆளுக்கு முன்னால் 'எ' வர வேண்டிய இடத்தில் அவர்கள் 'தி' போட்டார்கள். அது குருட்டாம்போக்கில் வந்த பிழை இல்லை என்பதுதான் அந்த ஆய்வின் அழகு. உலகில் சில மொழிகள் உண்மையாகவே அப்படித்தான் பிரிக்கின்றன; சமோவா மொழியை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். பேசுபவர் மனத்தில் குறிப்பிட்ட ஒன்று உண்டா இல்லையா என்பதை வைத்து அங்கே ஆர்ட்டிகிள் மாறுகிறது. ஆக, தப்பாக 'தி' போடுகிற மாணவர் மனித மொழிக்குள் இருக்கிற இன்னொரு வழியில் நடக்கிறார். ஆங்கிலம் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை.

தமிழும் ஓரளவு அந்த வழிப்பக்கம் சாய்வதாகவே எனக்குப் படுகிறது. 'ஒரு ஃபைல் தேடிக்கிட்டிருக்கேன்', 'ஒரு ஃபைலைத் தேடிக்கிட்டிருக்கேன்' என்று இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு ஃபைல் கிடைத்தால் போதும். இரண்டாவதில் என் மனத்தில் ஒரு குறிப்பிட்ட ஃபைல் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு அது எதுவென்று தெரியாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'எ ஃபைல்'தான். அதனால் 'ஐ வந்தால் தி' என்று சூத்திரம் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது. 'ஐ' கதவைத் திறந்துவிடும். உள்ளே போன பிறகு, படிக்கிறவருக்குத் தெரியுமா என்ற கேள்வியை மாணவரே கேட்டுக்கொள்ளப் பழக வேண்டும். செவிலியர்களுக்கு இந்தப் பழக்கம் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஷிஃப்ட் முடிந்து பொறுப்பை ஒப்படைக்கும்போது, அடுத்து வருபவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யோசித்துப் பேசுவதே அவர்கள் தொழில்.

மேலே சொன்ன கடித வாக்கியத்துக்கு இப்போது திரும்பலாம். நோயாளியைப் பற்றித்தான் கடிதமே. ஆகவே 'தி பேஷன்ட்'. வீட்டில் குளியலறை இருக்கும் என்பது யாருக்கும் தெரியும். முன்பு சொல்லாவிட்டாலும் 'தி பாத்ரூம்'. எக்ஸ்ரே எடுத்ததும் எலும்பு முறிந்ததும் புதுச் செய்தி, 'ஆன்', 'எ'. இடது மணிக்கட்டு ஒருவருக்கு ஒன்றுதான். 'தி லெஃப்ட் ரிஸ்ட்'. ஐந்துக்கும் ஒரே கேள்விதான் விடை சொல்கிறது. பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை.

இதற்கும் முன்னால் கடக்க வேண்டிய ஒரு படி உண்டு, எண்ணிக்கை. கடையில் 'மாம்பழம் வாங்கிட்டு வா' என்றால் ஒன்றா, இரண்டு கிலோவா என்று 'மாம்பழம்' என்ற சொல் சொல்லாது. நம் இலக்கணக்காரர்கள் இதைக் கவனித்து 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்று பேரும் வைத்திருக்கிறார்கள்: மாடு வந்தது, மாடு வந்தன. ஒருமையா பன்மையா என்று பெயர்ச்சொல்லில் முடிவு செய்யாமலே தமிழில் வாக்கியத்தைத் தொடங்கிவிடலாம். ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. 'டேப்லெட்' என்று வாயெடுக்கும்போதே ஒன்றா பலவா என்று முடிவாகியிருக்க வேண்டும். எண்ணக்கூடிய பெயர் ஒருமையில் வந்தால் அது வெறுமனே நிற்கக் கூடாது. முன்னால் 'எ' அல்லது 'தி' அல்லது 'ஹிஸ்', 'ஹெர்', 'திஸ்', 'எவ்ரி' ஏதாவது ஒன்று வேண்டும். 'பை பஸ்', 'அட் ஹோம்' மாதிரிச் சில தொடர்கள் விலக்கு. எந்த ஆர்ட்டிகிள் என்று தெரியாவிட்டாலும், ஏதோ ஒன்று வர வேண்டிய இடம் இது என்று தெரிந்துவிட்டாலே பாதிப் பிழைகள் கண்ணில் பட்டுவிடும். நான் முதல் வாரம் முழுக்க இதை மட்டும்தான் செய்யச் சொல்வேன். கடிதத்தை எழுதிவிட்டு, வெறுமனே நிற்கிற ஒருமைப் பெயர்களைச் சிவப்பில் சுழிக்க வேண்டும். திருத்த வேண்டாம், சுழித்தால் போதும்.

'ஷீ இஸ் நர்ஸ்' என்ற பிழையும் இங்கேதான் பிடிபடும். தமிழில் 'அவங்க நர்ஸ்' என்பதோடு முடிந்துவிடுகிறது. இந்த இடத்தில் ஒரு கிளைப்பேச்சு. 'அவர் ஒரு டாக்டர்', 'இது ஒரு நல்ல முயற்சி' என்று தமிழ் எழுத்தில் இப்போது 'ஒரு' பெருகிக்கொண்டே போகிறது. ஆங்கிலத்தின் 'எ' வந்து நம் வாக்கியத்தில் குடியேறியதால் வந்த பழக்கம் அது. பல இடங்களில் எடுத்துவிட்டால் வாக்கியம் இன்னும் நன்றாக இருக்கும். ஆங்கிலத்துக்கு அதன் 'எ'யைக் கொடுப்போம். தமிழுக்கு அது இல்லாமலே நிற்கிற நிமிர்வு இருக்கிறது.

'எ'யா, 'ஆன்'னா என்பது எல்லாவற்றிலும் எளிது. அதையும் தேவையில்லாமல் சிக்கலாக்கி வைத்திருக்கிறார்கள். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்துகளில் தொடங்கினால் 'ஆன்' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு 'யூனிவர்சிட்டி' விலக்கு, 'அவர்' விலக்கு என்று ஒட்டுப்போடுகிறார்கள். தமிழ் தெரிந்தவருக்கு இந்த ஒட்டு எதுவும் வேண்டாம். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். முதலெழுத்து உயிரெழுத்தா? 'ஆன்'. உயிர்மெய்யா? 'எ'. எக்ஸ்ரே, ஈசிஜி, எம்ஆர்ஐ ஸ்கேன், எச்ஐவி டெஸ்ட், அல்சர், ஒரு மணி நேரம் என்கிற 'அவர்' எல்லாம் உயிரெழுத்தில் தொடங்குகின்றன, எல்லாவற்றுக்கும் 'ஆன்'. யூனிட், யூரின் டெஸ்ட், சிறுநீர்த்தொற்றைக் குறிக்கும் யூடிஐ எல்லாம் 'யூ' என்ற உயிர்மெய், ஆகவே 'எ'. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேள் என்று ஆங்கிலேயர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் எழுத்து ஒலியோடு சேர்ந்தே வருவதால் நமக்கு அது கண்ணிலேயே தெரிகிறது. ஒரே ஒரு இடத்தில் விழிப்பு வேண்டும். ஒயர், ஒயின், ஒன் என்று நாம் 'ஒ' போட்டு எழுதும் சில சொற்களை ஆங்கிலத்தில் உதட்டைக் குவித்து வகர ஒலியோடு தொடங்குவார்கள். அவற்றுக்கு 'எ'தான்.

'ஓர் ஊர், ஒரு வீடு' என்ற நம் விதியும் இதே விதிதான். உயிருக்கு முன் ஓர், மெய்க்கு முன் ஒரு. பேச்சில் 'ஒரு ஊர்' என்று விட்டுவிட்டோம்; ஆங்கிலம் பேச்சிலும் விடாமல் வைத்திருக்கிறது. அந்த 'ன்' ஒட்டிக்கொண்டு சில விளையாட்டுகளும் காட்டியிருக்கிறது. கிரிக்கெட்டில் நாம் தினம் சொல்கிற 'அம்பயர்' முதலில் 'நம்பயர்' போல நகரத்தில் தொடங்கிய சொல். 'எ நம்பயர்' என்று சொல்லிச் சொல்லி, 'ஆன் அம்பயர்' என்று காதில் விழுந்து, 'ந' போயே போய்விட்டது.

காது என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆர்ட்டிகிள் நம்மவர்களுக்குப் பிடிபடாததற்கு, அது சரியாகக் காதில் விழாததும் பெரிய காரணம். கடைப் பலகைகளில் 'தி' என்று முழு எழுத்தாகப் பார்த்துப் பழகியதால், 'தீ பேஷன்ட்' என்று அழுத்திச் சொல்கிறோம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் மெய்யொலிக்கு முன்னால் அதைப் பாதி விழுங்கி 'த' என்று கடந்துவிடுவார்கள். 'எ' வெறும் 'அ' ஆகிக் கரைந்துவிடும். 1969 ஜூலையில் நிலவில் காலடி வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாக்கியத்திலேயே இது நடந்தது. 'ஒரு மனிதனுக்குச் சிறிய அடி' என்று சொல்ல நினைத்து 'ஃபார் எ மேன்' என்றுதான் சொன்னதாக அவர் பின்னாளில் கூறினார். பதிவில் அந்த 'எ' கேட்கவில்லை. 'எ' இல்லாவிட்டால் 'மேன்' மனித குலம் என்றாகிவிடும், மனித குலத்துக்குச் சிறிய அடி, மனித குலத்துக்குப் பெரிய பாய்ச்சல் என்று வாக்கியம் தன்னையே மறுக்கும். அந்த 'எ' அங்கே இருந்ததா என்று ஒலிப்பதிவை வைத்து ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அவர்கள் காதுக்கே அந்த நிலை. ஆகவே இயல்பான வேகத்தில் ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு, எத்தனை சொல் காதில் விழுந்தது என்று எண்ணச் சொல்வேன். எண்ணிக்கை குறைந்தால், விட்டது பெரும்பாலும் ஆர்ட்டிகிளாகவே இருக்கும்.

நோய்ப்பெயர்கள் தனிக் காடு. தலைவலி, சளி, இருமல், தொண்டைவலிக்கு 'எ' வரும்: 'எ ஹெடேக்', 'எ கோல்ட்', 'எ காஃப்'. ஒரு நிகழ்ச்சியாக வந்து தாக்குகிறவற்றுக்கும் வரும்: 'எ ஸ்ட்ரோக்', 'எ ஹார்ட் அட்டாக்', 'எ ஃபால்'. டயாபடீஸ், ஆஸ்துமா, ஹைப்பர்டென்ஷன், நிமோனியா எதற்கும் ஒன்றும் வேண்டாம். வந்து போவதற்கு உண்டு, தங்கிவிடுவதற்கு இல்லை என்று தோராயமாகச் சொல்லலாம். ஆனால் டயரியா வந்து போவதுதான், அதற்கு 'எ' கிடையாது. இங்கே நான் விதி தேடுவதில்லை. கடிதங்களைப் படித்து, தொடரோடு தொடராகப் பழக வேண்டியதுதான். மருத்துவமனையும் அப்படியே. பிரிட்டனில் ஒருவர் 'இன் ஹாஸ்பிட்டல்' என்றால் நோயாளியாகப் படுத்திருக்கிறார். பார்க்கப் போனவரோ வேலை செய்பவரோ என்றால் 'அட் தி ஹாஸ்பிட்டல்'. அமெரிக்கர்கள் நோயாளிக்கும் 'இன் தி ஹாஸ்பிட்டல்' என்பார்கள். எந்த நாட்டுக்குப் போகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"இதைத் தப்பாப் போட்டா என்ன மேம் ஆயிடும்? புரியத்தானே போகுது?" என்று ஒரு வகுப்பிலாவது யாராவது கேட்பார். நியாயமான கேள்வி. பல இடங்களில் ஒன்றும் ஆகாது. 'பேஷன்ட் ஃபெல் இன் பாத்ரூம்' யாருக்கும் புரியும். தேர்வில் கடிதத்தை மதிப்பிடும் ஆறு அளவுகோல்களில் மொழி ஒன்றுதான். ஆர்ட்டிகிள் அதில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு சொல் இல்லாததால் அரை நூற்றாண்டுக்கு மேல் வழக்கு நடப்பதும் உண்டு. 1967 போருக்குப் பிறகு, நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 242ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தப் போரில் கைப்பற்றிய நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் வெளியேற வேண்டும் என்கிறது அது. ஆங்கில வடிவத்தில் 'டெரிட்டரீஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் 'தி' இல்லை. பிரெஞ்சு வடிவத்தில் ஆர்ட்டிகிள் இருக்கிறது. 'தி' இல்லாததால் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வெளியேறச் சொல்லவில்லை என்று ஒரு தரப்பு. பிரெஞ்சையும் தீர்மானத்தின் முகவுரையையும் காட்டி, எல்லாப் பகுதிகளும்தான் என்று மறு தரப்பு. இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் யாரும் 'சின்ன வார்த்தைதானே' என்று சொல்வதில்லை.

திருத்துவதில் எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. கடிதம் முழுக்கச் சிவப்புக் கோடு போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இலக்கணத் திருத்தமே பயனற்றது, விட்டுவிடலாம் என்று ஜான் டிரஸ்காட் 1996இல் எழுதினார். அது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. 2008இல் ஜான் பிட்ச்னர் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் செய்த ஆய்வு எனக்கு உதவியாக இருந்தது. முதன்முறை சொல்லும்போது 'எ', மறுபடி சொல்லும்போது 'தி' என்ற இரண்டு பயன்பாடுகளை மட்டும் திருத்தினார்கள். திருத்தம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட நன்றாக எழுதினார்கள், சில வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. நானும் அந்த இரண்டோடுதான் தொடங்குகிறேன். திருத்திய சொல்லை மட்டும் எழுதிக் கொடுக்காமல், பக்கத்தில் 'படிப்பவருக்கு இது தெரியுமா?' என்று தமிழில் எழுதிவிடுவேன். அடுத்த கடிதத்தில் அந்தக் கேள்வியை அவர்களே ஓரத்தில் எழுதிக்கொள்கிறார்கள்.

பேச்சுப் பயிற்சியில் ஆர்ட்டிகிளைத் திருத்துவதே இல்லை. நோயாளிக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி நடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, இடையில் புகுந்து 'தி' விட்டுப்போச்சு என்றால் அவர் குரலிலிருந்து ஆறுதல் போய்விடும். இதற்கு ஒரே ஒரு விலக்கு வைத்திருக்கிறேன். 'லிட்டில் இம்ப்ரூவ்மென்ட்' என்றால் முன்னேற்றம் கிட்டத்தட்ட இல்லை. 'எ லிட்டில் இம்ப்ரூவ்மென்ட்' என்றால் கொஞ்சம் தேறியிருக்கிறார். 'ஃபியூ' என்பதும் 'எ ஃபியூ' என்பதும் அப்படியே. ஒன்று இல்லாததைச் சொல்கிறது, மற்றது இருப்பதைச் சொல்கிறது. பொறுப்பை ஒப்படைக்கும்போது ஒருவர் அந்த 'எ'யை விட்டுவிட்டால், கேட்கிற மருத்துவர் அதை நம்பி மருந்தைக் கூட்டலாம். அதனால் இதை மட்டும், அவர் எவ்வளவு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், உடனே நிறுத்திக் கேட்டுவிடுகிறேன்: "தேறியிருக்காங்களா, இல்லையா?"